வியாழக்கிழமைக் குழி

வரைபடத்தை மேசையில் விரித்து
நான்கு மூலைக்கும் காபிக் கோப்பை வைத்தார்கள்.
"எங்கே என்று மட்டும் காட்டுங்கள், மிஸ்டர் ஹக்காலா"
என்றாள் வழக்கறிஞர்.
என் கையில் ஒரு சிவப்புப் பென்சில்.

நான் பார்த்தது வேறு ஊர்.
ஓடுபாதை கிடந்த இடத்தில் பிர்ச் தெரு.
குண்டுக் கிடங்கின் மேல் பைன் வளைவு.
வெட்டிய மரத்தின் பெயரைத்தான்
தெருவுக்கு வைப்பார்கள் போலும்.

இருபத்திரண்டு வருடம் அந்தத் தளத்தில்
தீயணைப்பு வண்டி ஓட்டினேன்.
வடக்கு மிச்சிகன், ஏரிக்கு ஒன்றரை மைல்.
வியாழன்தோறும் தீயை நாங்களே வைப்போம்.
குழிக்குள் இறக்கையில்லாத பழைய விமானம்,
அதன்மேல் வீணாய்ப்போன எரிபொருள்,
எஞ்சின் கழுவிய கரைசல், பெயின்ட்,
எழுத்தழிந்த பீப்பாய்களில் என்ன இருந்ததோ அது.
ஓப்லாக் தீப்பந்தை வீசுவான்.
வானத்தில் ஒரு மூலை கறுக்கும்.
பிறகு நுரை.
தொண்ணூறு வினாடிக்குள் அணைத்தால்
பீர் அவன் செலவு.

நல்ல நுரைதான், பொய் சொல்வானேன்.
பெட்ரோல் தீயை ஈரப் போர்வைபோல் மூடும்.
குடும்ப நாளன்று குழந்தைகளுக்காக
புல்வெளியில் பீய்ச்சினோம்.
இடுப்புவரை வெள்ளைக்குள் நின்று
விழுந்த பல்லைக் காட்டிச் சிரிக்கும் என் மகள் டார்லா
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் இன்னும் இருக்கிறாள்.
இப்போது அவளுக்குத் தினம் ஒரு தைராய்டு மாத்திரை.
இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை.
டாக்டரும் சொல்லவில்லை.
இல்லையென்றும் சொல்லவில்லை.

மிச்சத்தையெல்லாம் மண் குடித்தது.
"மண்ணுக்கு எதைக் கொடுத்தாலும் தின்றுவிடும்"
என்பான் ஓப்லாக்.
தின்றது.
செரிக்கவில்லை.
அக்டோபர்க் காற்றில் ஏரி அதைக் கரையில் கக்குகிறது,
நாய் உயரத்துக்கு, வெள்ளை வெள்ளையாய்.
நடைபாதையில் பலகை நட்டிருக்கிறார்கள்:
நுரையைத் தொடாதீர்கள். இந்தப் பகுதி மானைத் தின்னாதீர்கள்.
மானுக்குப் பலகை எதுவும் இல்லை.

"ஆவணத்தில் அப்படியொரு குழியே இல்லை"
என்றான் கட்டுமானக் கம்பெனி ஆள், மரியாதையாகத்தான்.
ஆவணம் எழுதியவன் வியாழக்கிழமை
அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

மூன்றாம் விமானக் கொட்டகைக் கதவிலிருந்து
நூற்றுப்பத்து எட்டு.
தண்ணீர்த் தொட்டி தேவாலயக் கூரையை
மறைக்கிற இடத்தில் நிற்க வேண்டும்.
கொட்டகையை இடித்துவிட்டார்கள்.
தொட்டி பழைய இரும்புக்குப் போனது.
முழங்கால் அறுவைக்குப் பிறகு
என் எட்டும் பழைய எட்டு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு இடம் வந்தது.
ஒன்று கார் நிறுத்துமிடம்.
இன்னொன்று மழலையர் பள்ளி;
அதன் முற்றத்தில் சின்னதாய் மஞ்சள் சதுரம்,
"மணல் தொட்டி" என்று எழுதியிருந்தது.
நடுவே நாற்பது கஜம்.

கார் நிறுத்துமிடம் என்றால்
மேலே தார் ஊற்றிவிடுவார்கள்.
எல்லோரும் பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போகலாம்.
டார்லாவின் மாமனார் அங்கே இரண்டு மனைக்கு
முன்பணம் கட்டியிருக்கிறார்.
ஒரு நிமிடம் எனக்கும்
தார் பிடித்திருந்தது.

"உறுதியாகத் தெரியுமா?"
"தெரியாது."
"ஒரு புள்ளி போதும்."

பென்சிலைச் சாய்த்துப் பிடித்தேன்.
கூரால் இல்லை, பக்கவாட்டால்
தேய்க்க ஆரம்பித்தேன்.
கார் நிறுத்துமிடம், பள்ளி, மணல் தொட்டி,
பிர்ச் தெருவில் ஆறு வீடு,
பிறகு சரிவு போகிற பக்கமாக
வரைபடத்தின் ஓரம்வரை.
ஏரி அதற்கு அப்பால் இருந்தது, தாளில் இடமில்லை.
ஒரு காபிக் கோப்பையை நகர்த்தவேண்டி வந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை.
ஒரு பையன் வந்து
எல்லோர் முன்னும் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போனான்.
லேபிளில் ஒரு பனிமலை.
எங்கள் பக்கத்தில் மலையே கிடையாது.